தகரக் கொட்டிலுக்கு வெளியே ஒரு கம்பி

தகரக் கொட்டில்களில் குடியிருக்கும் குடும்பங்களிடம் போகும்போது நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. “ஊரிலை நல்லாய்க் கேட்ட றேடியோ பாதர், இஞ்சை வந்தாப்பிறகு ஒரே இரைச்சல். பெட்டி பழுதாப் போச்சுதாக்கும்.” அந்தப் பெட்டியை வாங்கி முற்றத்து வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் அது பழையபடி பாடும். பழுது பெட்டியில் இல்லை. மேலும் பக்கங்களிலும் தகரம் அடித்த கொட்டில், வானொலி அலைக்கு மூடி வைத்த பானை மாதிரி. அலை தகரத்தோடு நின்றுவிடும், உள்ளே வருவது மிகக் குறைவு.

இதற்கு மருந்து புதுப்பெட்டி வாங்குவதல்ல. ஏழெட்டு யார் கம்பியை வெளியே இரண்டு மரங்களுக்கிடையில் கட்டி, அதன் ஒரு நுனியை உள்ளே கொண்டுவந்து பெட்டியின் இழுக்கும் ஏரியலில் சுற்றிவிட்டால் போதும். இதைச் செய்துகாட்டிய இடங்களிலெல்லாம் அடுத்து ஒரு கேள்வி வரும். கம்பி எவ்வளவு நீளம் இருந்தால் நல்லது? அந்தக் கேள்வியைக் கேட்பவர், தம்மை அறியாமலே, அமெச்சூர் வானொலிக்காரரின் வாசற்படியில் நிற்கிறார். சம்பளத்துக்காகவும் வியாபாரத்துக்காகவும் அல்லாமல், சொந்த ஆர்வத்தில் அரசின் அனுமதிப்பத்திரம் பெற்று, வீட்டிலிருந்தே வானலையில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்பவர்களுக்குத்தான் அந்தப் பெயர். ‘ஹாம்’ என்றும் சொல்வார்கள். பேசும் பெட்டியை அவர்களும் பெரும்பாலும் கடையில் வாங்குகிறார்கள். அன்ரனாவை மட்டும் இன்றைக்கும் பலர் தம் கையாலேயே கட்டுகிறார்கள். அதைக் கட்டும் விதத்தைத்தான் இங்கே விளக்கப் போகிறோம்.

கைத்தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கும் காலத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 2004 டிசெம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். கடல் வந்து போன பிறகு கரையோரங்களில் தொலைபேசிக் கம்பிகளும் இல்லை, கோபுரங்களுக்கு மின்சாரமும் இல்லை. அப்போது இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர்கள், விக்டர் குணத்திலக்க அவர்களின் தலைமையில், அம்பாந்தோட்டையிலிருந்து 12 வோல்ற் பற்றரியையும் சிற்றலைப் பெட்டியையும் கொண்டு கொழும்புக்குச் செய்தி அனுப்பினார்கள். அந்தமான் தீவுகளிலும் இதுபோன்ற ஒன்று நடந்தது. பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி தலைமையிலான குழு, பல ஆண்டுகளாக அமெச்சூர் வானொலிக்கு இடமில்லாதிருந்த அந்தத் தீவுகளிலிருந்து உலகத்தோடு பேசிப்பார்க்க என்று, அந்த மாதத் தொடக்கத்திலேயே போர்ட் பிளேயரில் போய் இறங்கியிருந்தது. அது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்குப் பயணம். கடல் பொங்கிய அன்றிலிருந்து அதுவே தீவுகளுக்கும் பெருநிலத்துக்குமிடையே உறவினரின் நலம் விசாரிக்கும் வழியாயிற்று. கார் நிக்கோபார் தீவுக்கும் அவர்களில் சிலர் பெட்டியோடு போனார்கள். இவர்கள் எவரும் கோபுரம் கட்டிக்கொண்டிருக்கவில்லை. கம்பியைக் கட்டினார்கள், பேசினார்கள்.

வெள்ளம் வந்தால் முதலில் துண்டிக்கப்படுவது எந்தக் குடியிருப்பு என்று இதை வாசிப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. குளக்கட்டுக்குக் கீழே, பிரதான வீதியிலிருந்து தள்ளி, யாருக்கும் வேண்டாத நிலத்தில்தான் இடம்பெயர்ந்தவர்களுக்குக் காணி கிடைக்கிறது.

நீளம்தான் முதல்

கிணற்றில் வாளியைக் கயிற்றில் தொங்கவிட்டு ஆட்டிப் பாருங்கள். கயிறு குட்டையானால் வாளி கடுகதியில் ஆடும், நீளமானால் ஆறுதலாக ஆடும். எந்த நீளக் கயிற்றுக்கும் அதற்கென்று ஓர் ஆட்டம் உண்டு. அந்த ஆட்டத்துக்குத் தாளம் தப்பாமல் தட்டிக்கொடுத்தால் சிறுபிள்ளையின் விரலே பெரிய வாளியை ஆட்டிவிடும். கம்பியும் அப்படியே. அதற்குள் மின் முன்னும் பின்னும் ஓடுவதற்கு அதன் நீளத்துக்குத் தக்க ஒரு தாளம் இருக்கிறது. வருகின்ற அலையின் தாளமும் கம்பியின் தாளமும் ஒன்றானால், மிகப் பலவீனமான அலைகூடக் கம்பியை நன்றாக ஆட்டும். அனுப்பும்போதும் அவ்வாறே, பெட்டியின் வலு வீணாகாமல் வானத்துக்குப் போகும்.

அலையின் தாளத்தைத்தான் மீடிறன் என்கிறோம். அலை ஒரு செக்கனில் ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் ஓடுகிறது. ஆகவே 300ஐ மெகாஹேர்ட்ஸ் கணக்கிலுள்ள மீடிறனால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் மீற்றரில் கிடைக்கும். நமக்கு வேண்டியது அதில் அரைவாசி. கம்பியில் மின் சற்றுத் தாமதித்து ஓடுவதால் அந்த அரைவாசியிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைக்க வேண்டும். இவ்வளவையும் சேர்த்து ஒரே கணக்காகச் சொன்னால், 143ஐ மீடிறனால் வகுக்க வேண்டியதுதான்.

அமெச்சூர்களுக்கு எமது வலயத்தில் ஒதுக்கப்பட்டுள்ள இடங்களில் ஒன்று 7.0 முதல் 7.2 மெகாஹேர்ட்ஸ் வரையிலானது. 40 மீற்றர் வரிசை என்று அதற்குப் பெயர். நடுவிலுள்ள 7.1ஐ எடுத்துக்கொள்வோம். 143ஐ 7.1ஆல் வகுத்தால் 20.14 மீற்றர். இதை நடுவில் வெட்டி இரண்டு கைகளாக்கினால் ஒரு கை 10.07 மீற்றர், அதாவது 33 அடி. இரு கைகளும் ஒரே நேர்கோட்டில் நீண்டு, நடுவில் வயர் இறங்கும் இந்த அமைப்பை இருமுனை அன்ரனா என்று அழைக்கிறோம். சிற்றலை அன்ரனாக்களில் இதைவிட எளியது, இதைவிட நம்பத்தகுந்தது வேறொன்று இருப்பதாக எமக்குத் தெரியவில்லை.

பண்பலை வானொலிக்கும் இதே கணக்குத்தான். 98 மெகாஹேர்ட்ஸ் நிலையத்துக்கு மொத்தம் 1.46 மீற்றர், ஒரு கை 73 சென்ரிமீற்றர். தகரக் கொட்டிலில் இருப்பவர்கள் இதை ஒரு தடியில் கட்டிக் கூரைக்கு மேலே உயர்த்திப் பார்க்கட்டும். கைத்தொலைபேசியில் பண்பலை கேட்கக் காதுக்குழாயின் வயரைச் செருகச் சொல்வதும் அந்த வயரே ஏரியலாக வேலைசெய்கிறது என்பதனால்தான்.

தேடவேண்டிய சாமான்கள்

வீட்டு மின்வேலைக்குப் பாவிக்கும் செப்பு வயர் மிக நல்லது. ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் வயரை மேலுறையோடு அப்படியே கட்டலாம். அது கிடைக்காவிட்டால் ஒலிபெருக்கிக்குப் போடும் இரட்டை வயரை நடுவால் கிழித்தால் இரண்டு கைகளும் ஒரே துண்டிலிருந்து வந்துவிடும். எரிந்துபோன மோட்டர்களிலிருந்து எடுத்த சுருள் கம்பியும் உதவும். ஆனால் அதன்மேல் அரக்குப் பூச்சு உண்டு. இணைக்கும் இடத்தில் கத்தியால் செம்பு மின்னும்வரை சுரண்டாவிட்டால் கம்பி தொட்டும் தொடாததாகவே இருக்கும். வேலிக்குப் பாவிக்கும் நாகம் பூசிய இரும்புக் கம்பியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கேட்பதற்குப் பரவாயில்லை, அனுப்புவதற்கு அவ்வளவு நல்லதல்ல.

கம்பியின் நுனிகளிலும் நடுவிலும் மின் கடத்தாத காவலிகள் வேண்டும். தண்ணீர்க் குழாயின் வெட்டுத்துண்டு, எண்ணெய்க் கானின் தடித்த கைபிடி, உடைந்த தண்ணீர் வாளியின் துண்டு, எதுவாயினும் இரண்டு துளை போட்டால் காவலிதான். மரக்கட்டை மழையில் ஊறிவிடும் ஆதலால் அதைத் தவிர்க்கவும்.

நடுவிலிருந்து பெட்டிக்கு இறங்குவதற்கு ஓரச்சு வடம் தேவை. நடுவில் ஒரு கம்பியும் அதைச் சுற்றி வலையுமாக இருக்கும் ரீவி அன்ரனா வயர்தான் அது. அமெச்சூர்கள் 50 ஓம் வடத்தை வாங்கும்படி சொல்வார்கள். ரீவி வயர் 75 ஓம். இருமுனை அன்ரனாவின் நடுவில், நல்ல உயரத்தில், ஏறத்தாழ 73 ஓம் இருக்கும் என்பதால் ரீவி வயர் அதற்குப் பொருந்தியே போகிறது. மலிவானதை எடுத்தோமே என்று வெட்கப்படத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இப்போது வரும் ரீவி வயர்களில் வலை பெரும்பாலும் அலுமினியம். ஈயம் அதில் ஒட்டாது. ஆகவே திருகாணி வைத்த இணைப்புக்கட்டையில் இறுக்கிவிடுங்கள்.

கட்டும் விதம்

ஒரு கை 33 அடி என்று கணக்குச் சொன்னாலும் வெட்டும்போது 34½ அடி வெட்டுங்கள். மேலுறையுள்ள வயர் கணக்கைவிடச் சற்றுக் குட்டையாகவே இருக்க வேண்டும் என்பது உண்மை. என்றாலும் கூடியதைக் குறைக்கலாம், வெட்டியதை ஒட்டுவது கரைச்சல். மிஞ்சிய நுனியை வெட்டாமல் காவலிக்குள்ளால் திருப்பி, கம்பியோடு சேர்த்து முறுக்கிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கையிலும் 10 சென்ரிமீற்றர் குறைத்தால் அன்ரனாவின் மீடிறன் 70 கிலோஹேர்ட்ஸ் அளவு ஏறும். கேட்பதற்கு மட்டும் என்றால் இந்த நுணுக்கம் தேவையில்லை, ஓரடி கூடினாலும் குறைந்தாலும் காது கண்டுபிடிக்காது. அனுப்புபவர்தான் அலை திரும்பி வருவதைக் காட்டும் மானியை வைத்துச் சரிபார்த்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும் வலு பெட்டியைச் சுட்டுவிடக்கூடும்.

நடுக் காவலியில் வடத்தின் உட்கம்பியை ஒரு கைக்கும் வலையை மறு கைக்கும் இணைக்கவும். வடத்தின் பாரத்தை இணைப்பில் விடாமல் காவலியோடு தனியாகக் கட்டவும். இணைப்பை ரேப் ஒட்டி, அதற்கு மேலே பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினால் மழை போகாது. மழைத்தண்ணீர் ஒருமுறை வடத்துக்குள் இறங்கினால் அந்த வடம் குப்பைக்குத்தான். அனுப்புவதற்கான அன்ரனா என்றால், இணைப்புக்குக் கீழே வடத்தை நாலங்குலக் குழாயில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுவது நல்லது. வடத்தின் வெளிப்புறத்தால் அலை இறங்கி வீட்டுக்குள் வருவதை அது தடுக்கும்.

இனி உயர்த்துவது. பனை இருக்கும் வளவுகளுக்குக் கோபுரம் தேவையில்லை. கெற்றப்போலில் சின்னக் கல்லோடு தூண்டில் நைலோனைக் கட்டி வட்டுக்கு மேலால் விட்டு, அதில் தடித்த கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, பெரியவர்களைவிட அவர்களுடைய குறி நேர். ஆனால் பனை காற்றில் ஆடும். கயிற்றை மரத்தில் இறுக்கிக் கட்டினால் முதல் சோளகத்திலேயே கம்பி அறும். கயிற்றைக் கிளையில் கட்டாமல் கப்பியால் விட்டு, கீழ் நுனியில் அரை வாளி மணலைத் தொங்கவிடுங்கள். மரம் ஆட வாளி ஏறி இறங்கும், கம்பி தப்பிக்கொள்ளும்.

இரண்டு மரம் இல்லாத வெளியில் ஒரே ஒரு தடி போதும். 30 அடி மூங்கிலின் நுனியில் நடுக் காவலியைக் கட்டி, இரு கைகளையும் கூடாரத்துக் கயிறுபோலச் சரித்து இழுத்துவிடலாம். நுனிகள் தரையிலிருந்து பத்தடிக்குக் குறையக்கூடாது. பிள்ளைகளின் கையும் ஆட்டின் வாயும் எட்டாத உயரம் அது. அனுப்பும்போது கம்பியின் நுனிகளில் உயர்ந்த வோல்ற் அழுத்தம் இருக்கும், தொட்டால் சுடும். இப்படிச் சரித்துக் கட்டுவதற்கு ஏறத்தாழ 60 அடி நீளமான நிலம் காணும். ஓய்ந்து கிடக்கும் துலாவைத் தடியாகப் பாவிக்கலாமா என்று ஒரு பெரியவர் எம்மிடம் கேட்டார். பாவிக்கலாம், கிணற்றைப் பிறகு யார் இறைப்பது என்பதை வீட்டில் பேசி முடித்துக்கொண்டு.

30 அடி பணிவானதல்லவா என்று புத்தகம் படித்தவர்கள் கேட்பார்கள். அமெரிக்காவோடு பேசுவதற்குப் பணிவுதான். எமது தேவை வேறு. பணிவாகக் கட்டிய கம்பி அலையைக் கூடுதலாக நேர் மேலே அனுப்புகிறது. தரையிலிருந்து 300 கிலோமீற்றர் அளவு உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அயன்மண்டலம் இருக்கிறது. மேலே போன அலை அங்கே வளைந்து, குடை விரித்தாற்போலச் சுற்றுவட்டாரம் முழுவதும் திரும்பி விழுகிறது. இலங்கையின் நீளம் 435 கிலோமீற்றர் மட்டுமே. ஆக, வன்னியில் 30 அடியில் கட்டிய 40 மீற்றர் கம்பி பகல் வேளையில் கொழும்பையும் மட்டக்களப்பையும் தமிழ்நாட்டையும் தொடும். இடையில் மலை நின்றாலும் காடு நின்றாலும் கவலையில்லை, அலை மேலிருந்து வருகிறது. இரவில் அயன்மண்டலத்தின் வலு குறையும்போது அதே கம்பியில் தூரதேசங்கள் கேட்கும், பக்கத்து மாவட்டம் கேட்காது. அந்த நேரத்துக்கு 3.5 மெகாஹேர்ட்ஸ் வரிசை வேண்டும். அதற்குக் கை 65 அடி வரும், நிலம் இருப்பவர்கள் கட்டலாம்.

நிவாரண அமைப்பொன்று, முறையான அனுமதியோடு, ஒரு குடியிருப்பில் விலையுயர்ந்த பெட்டியொன்றை வைத்திருந்ததை நாம் கண்டிருக்கிறோம். அதற்கு வந்த அன்ரனாக் கம்பியைப் பொருத்தியவர் சோம்பலில் தகரக் கூரைமேல் அப்படியே நீட்டிக் கட்டிவிட்டுப் போய்விட்டார். பெட்டி பேசவில்லை, கேட்கவும் இல்லை. இரண்டு வருடம் அதன்மேல் மேசைவிரிப்பு விரித்து வைத்திருந்தார்கள். கம்பியைக் கழற்றி இரண்டு மரங்களுக்கிடையில் தூக்கிய பின்னேரமே அது வேலைசெய்தது. கொடுப்பவர்கள் பெட்டியைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், கம்பியை யாரும் படம் எடுப்பதில்லை.

தாராக் குரல்

கம்பியைக் கட்டி, சிற்றலை உள்ள சாதாரணப் பெட்டியில் 7.1 பக்கம் திருப்பினால் ஏமாற்றமாக இருக்கும். தாரா கத்துவதுபோல ஒரு சத்தம் வரும், சொல் விளங்காது. பெட்டியும் கம்பியும் பழுதில்லை. அமெச்சூர்கள் வலுவைச் சேமிப்பதற்காகக் குரலைச் சுமக்கும் அடிப்படை அலையைக் கழித்துவிட்டு, குரலின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புகிறார்கள். கழித்த அலையைக் கேட்பவரின் பெட்டி தானே சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வசதியுள்ள பெட்டிகளுக்கு விலை அதிகம்.

காசில்லாதவருக்கு ஒரு வழி இருக்கிறது, எமக்கு மிகவும் பிடித்த வழி. ஊசி நகரும் பழைய மாதிரி வானொலிப் பெட்டிகளில் பெரும்பாலானவை, தாம் கேட்கும் மீடிறனைவிட 455 கிலோஹேர்ட்ஸ் கூடுதலான ஒரு சிறிய அலையைத் தமக்குள்ளே உண்டாக்குகின்றன. அதில் கொஞ்சம் வெளியே கசியும். ஆகவே இரண்டாவது பெட்டியொன்றைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, சத்தத்தை முற்றாகக் குறைத்து, முதல் பெட்டிக்கு அருகே வையுங்கள். 7.100இல் கேட்க வேண்டுமானால் இரண்டாவதன் ஊசியை 6.645க்குக் கொண்டுபோங்கள். அதன் கசிவு 7.100இல் விழுந்து, கழிக்கப்பட்ட அலையின் இடத்தை நிரப்பும். ஊசியை மயிரிழை மயிரிழையாக நகர்த்த, தாராக் குரல் மெல்ல மெல்ல மனிதக் குரலாக மாறும். முதல் தடவை அதைக் கேட்கும்போது கொட்டிலில் இருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்ததை நாம் கண்டிருக்கிறோம். இடையிடையே குரல் நழுவிப்போகும், மீண்டும் பிடிக்க வேண்டும். பொறுமையான கைக்குத்தான் இது சரிவரும்.

பற்றரிக் கவலையைப் பற்றி இந்த வாசகர்களுக்குச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று பற்றரிகளும் தடைப்பட்ட பிறகு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டவர்கள் நாம். சிறுவராக இருந்த எம் போன்றவர்களுக்குச் சுற்றும் வேலை, பெரியவர்களுக்குக் கேட்கும் வேலை. முக்கியமான இடம் வரும்போது ஆர்வத்தில் சுற்ற மறந்து, செய்தியும் நின்று, தலையில் குட்டும் விழும். இன்றைக்கு ஒரு சிறிய சூரியத் தகடும் மோட்டார் சைக்கிள் பற்றரியும் இருந்தால் கேட்கும் பெட்டி நாள் முழுதும் ஓடும். 5 வாற் வலுவில் அனுப்பும் சிறிய பெட்டிகளும் உண்டு. நல்ல கம்பியோடு, குரலைவிட மோர்ஸ் குறியில், அந்த 5 வாற் பகலில் இந்த நாட்டின் எல்லையைத் தாண்டும்.

ஆபத்துகள்

மின்சாரக் கம்பிக்கு மேலாலோ அருகாலோ அன்ரனாக் கம்பியை ஒருபோதும் எறியவோ இழுக்கவோ கூடாது. அறுந்தால் எந்தப் பக்கம் விழும் என்பதை நினைத்து, அது மின்கம்பியைத் தொடமுடியாத தூரத்திலேயே கட்டுங்கள். வயலுக்கு மேலால் போகும் 33,000 வோல்ற் கம்பி தொட்டவரை மட்டுமல்ல, பிடித்துத் தூக்க வந்தவரையும் கொண்டுபோகும்.

அடுத்தது இடி. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்தில் முகில் கறுக்கத் தொடங்கியதும் வடத்தைப் பெட்டியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடவும். இடி தொடங்கிய பிறகு கழற்றப் போகவேண்டாம். பெட்டி போனால் போகட்டும்.

நிலக்கம்பி இறக்குவது நல்லதுதான். கிணற்றடியில், தண்ணீர் ஓடும் ஈரமான இடத்தில் நாகம் பூசிய குழாயை அடித்து இறக்கலாம். ஆயின் கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக உறுதி கிடைக்காத காணியில் குழாயும் அடிக்கக்கூடாது, தடிக்குக் கிடங்கும் கிண்டக்கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் மரத்தில் கட்டுங்கள், நிலக்கம்பி இல்லாமலே இருக்கட்டும். இருமுனை அன்ரனா நிலக்கம்பி இல்லாமலும் வேலைசெய்யும் என்பது அதன் நல்ல குணங்களில் ஒன்று.

பேச விரும்பினால்

அனுமதிப்பத்திரம் இல்லாமல் அனுப்பும் பெட்டியை வைத்திருப்பதும் பேசுவதும் குற்றம். இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மரத்தில் கம்பி கண்டாலே வீட்டுக்காரரை விசாரணைக்குக் கூட்டிப்போன காலத்தை நமது மக்கள் மறக்கவில்லை. பல தாய்மார் இன்றும் வளவில் ஏரியல் கட்ட விடமாட்டார்கள். அவர்களுடைய பயத்தைக் கேலி செய்யக்கூடாது. கம்பி கட்டுவதற்கு முன்பு கிராம அலுவலருக்கும் அயலவருக்கும் இது எதற்கென்று சொல்லிவைப்பது எல்லாருக்கும் நிம்மதி.

இலங்கையில் அனுமதிப்பத்திரம் வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. பரீட்சை ஒன்றில் சித்தியடைய வேண்டும். விதிகளும் அடிப்படை இலத்திரனியலும் அதில் வரும். மேலே சொன்ன நீளக் கணக்கு விளங்கிய பிள்ளைக்கு அது மலையல்ல. தேர்ச்சி பெற்றவருக்கு உலகத்தில் வேறெவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். இலங்கைக் குறிகள் 4எஸ் என்று தொடங்குகின்றன. வியாபாரம் பேசுவதும், பாட்டுப் போடுவதும், மறைபொருளில் பேசுவதும் அமெச்சூருக்கு விலக்கு. யாரும் கேட்கலாம் என்ற நினைவோடுதான் பேச வேண்டும்.

பெட்டியின் விலை ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. கமக்காரர் சங்கமோ கோவில் சபையோ வாசிகசாலையோ சேர்ந்துதான் வாங்க வேண்டிவரும். பரீட்சையும் பெட்டியும் வரும்வரை கம்பி சும்மா இருக்கத் தேவையில்லை. கேட்பதற்கான கம்பியை இந்த மாதமே கட்டலாம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் மூன்று பிள்ளைகள், மூத்தவருக்குப் பதினாறு வயது, வாசிகசாலை முற்றத்தில் ஒரு கம்பியைக் கட்டியிருக்கிறார்கள். பாடசாலைக் கொப்பி ஒன்றில் கோடு கீறி, நாள், நேரம், ஊசி நின்ற இடம், கேட்ட அழைப்புக்குறி, தெளிவு எப்படி என்று எழுதுகிறார்கள். முதல் பக்கங்களில் ‘விளங்கவில்லை’ என்பதுதான் அதிகம். பிறகு காலை ஏழரைக்குத் தமிழ்நாட்டுக் குரல்கள், பத்து மணிக்குக் கொழும்பு, பின்னேரம் கேரளம் என்று பக்கங்கள் நிறையத் தொடங்கியிருக்கின்றன. எந்த நேரத்தில் எந்த ஊர் கேட்கும் என்பது அந்த முற்றத்துக்கு மட்டுமே உரிய கணக்கு. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. வெள்ளம் வந்து யாராவது ஓர் அமெச்சூர் பெட்டியோடு அங்கே போய் இறங்கினால் முதலில் கேட்கப்போவது அந்தக் கொப்பியைத்தான். இப்போது அதை மழை நனைக்காதபடி ஒரு பிஸ்கட் ரின்னில் வைத்திருக்கிறார்கள்.